விற்பவருக்கு இரண்டு கண்கள்: சீன மூலிகைகளில் போலியைக் கண்டறிதல்

சீனாவின் மிங் அரச மரபுக் காலத்தில், 1565ஆம் ஆண்டில் எழுதி முடித்த தம் மருந்து நூலில், சென் ஜியாமோ என்ற மருத்துவர் அந்நாளில் வழங்கிய பழமொழி ஒன்றைப் பதிவுசெய்திருக்கிறார். மருந்து விற்பவனுக்கு இரண்டு கண்கள், அதைக் கையாளும் மருத்துவனுக்கு ஒரு கண், உண்பவனுக்குக் கண்ணே இல்லை என்பது அதன் பொருள். இது வெற்றுப் பேச்சு அன்று என்றும் அவர் அதன் அருகிலேயே எழுதினார். சிங்கப்பூரில் மூலிகைப் பொருள்களின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு, நானூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய அந்தச் சொல் இன்றும் அப்படியே பொருந்துவதாகப் படுகிறது. சீன மருந்துக் கடையில் வாங்கிய வேரையோ பொடியையோ என்னிடம் காட்டி, "இது அசல்தானா, ஏதாவது சோதனை செய்து சொல்ல முடியுமா?" என்று தெரிந்தவர்கள் கேட்கும்போது, அவர்கள் மனத்தில் இருப்பது ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடும் ஒரே ஒரு சோதனை. அப்படி ஒரு சோதனை கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும்; எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதோ, அந்த மூலிகை எந்த வழியில் போலியாக்கப்படுகிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பதைப் பொறுத்தது.

போலி மூலிகை இன்றைய பேராசையின் விளைவு என்று நினைப்போர் பழைய மருந்து நூல்களைப் பார்த்தால் வியந்துபோவார்கள். கி.பி. 500ஆம் ஆண்டையொட்டி எழுதிய சீன மருந்து நூலாசிரியர் தாவோ ஹோங்ஜிங், மருத்துவர்கள் மருந்துப் பொருளை நேரில் பார்த்தும் அடையாளம் தெரியாமல் சந்தைக்காரர்கள் சொல்வதைக் கேட்கிறார்கள் என்றும், சந்தைக்காரர்களும் ஆராயாமல் எல்லாவற்றையும் பறித்து அனுப்புவோரிடமே விட்டுவிடுகிறார்கள் என்றும் வருந்துகிறார். குகைக் கூரையில் தொங்கும் சுண்ணக் கற்களைக் காடியில் வேகவைத்து வெளுப்பாக்குவது, நெளிந்த வேர்களை நீரில் ஊறவைத்து நேராக்குவது, இனிப்புக் குறைந்த வேரைத் தேனில் அவித்து இனிக்கச் செய்வது, உலர்ந்துபோனதை மது தெளித்து ஈரமாக்குவது எனத் தம் காலத்துத் தந்திரங்களை அவர் அடுக்குகிறார். 1596இல் அச்சான, லி ஷிசென் என்ற மருத்துவரின் மருந்துப் பெருநூல் இன்னும் நுட்பமான ஒரு மோசடியைச் சொல்கிறது: சிலர் ஜின்செங் வேரை ஊறவைத்துச் சாற்றைத் தாங்களே குடித்துவிட்டு, சக்கையை வெயிலில் காயவைத்து மறுபடி விற்றார்களாம். அந்தச் சக்கைக்கு அப்போதே தனிப் பெயர் இருந்தது என்றால், அது எத்தனை பரவலாக நடந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். இன்றைய ஆய்வகங்களுக்கும் மிகுந்த தொல்லை தருவது இதே வகைதான். அந்த வேர் ஜின்செங்தான், அதன் செல்கள் ஜின்செங் செல்கள், அதன் டி.என்.ஏ. ஜின்செங்கின் டி.என்.ஏ.; அதில் இல்லாதது மருந்து மட்டுமே.

எனவே போலி என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறுபட்ட நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன. விலை உயர்ந்த மூலிகையைப் போலத் தோன்றும் மலிவான தாவரத்தை அதன் பெயரில் விற்பது ஒன்று. சாரத்தை எடுத்துவிட்டு எஞ்சியதை விற்பது இன்னொன்று. எடை கூட்ட மணலையும் உப்பையும் உலோகத்தையும் சேர்ப்பது, பழையதைச் சாயமேற்றிப் புதிதாக்குவது, கந்தகப் புகையில் வெளுக்கவைப்பது ஆகியவை வேறு வகை. இவை எல்லாவற்றையும்விடக் கொடிய விளைவைத் தந்த வகையில் பெரும்பாலும் ஏமாற்றும் நோக்கமே இருப்பதில்லை: ஒரே பெயரில் வழங்கும் இரண்டு தாவரங்களில் ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய்விடுகிறது. செய்தித்தாள்கள் ஆயிரக்கணக்கில் விலைபோகும் பூஞ்சைகளின் போலியைப் பற்றி எழுதுகின்றன. மக்களைக் கொன்றது பெயர்க் குழப்பம்.

பெல்ஜியத்தின் தலைநகர் பிரசல்ஸில் நடந்ததை இதற்காகவே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே உடல் எடை குறைப்புக்கான மருத்துவ நிலையம் ஒன்று, 1990இல் தன் மருந்துக் கலவையில் சில சீன மூலிகைப் பொடிகளையும் சேர்த்தது. அவற்றுள் ஒன்று ஃபாங்ஜி என்ற பெயரில் வந்தது. மருந்துச் சீட்டில் எழுதப்பட்டிருந்த தாவரம் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா. 1992 வாக்கில் அந்நகரின் சிறுநீரக மருத்துவர்கள், அதுவரை நலமாக இருந்த இளம்பெண்கள் அடுத்தடுத்துச் சிறுநீரகச் செயலிழப்புடன் வருவதைக் கவனித்தார்கள். அவர்கள் அனைவரும் அதே நிலையத்தில் சிகிச்சை பெற்றிருந்தார்கள் என்பது தெரியவந்தது. ழான் லூயி வான்ஹெர்வெகமும் அவருடைய குழுவினரும் 1993இல் அதை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நோய் வேகமாக முற்றியது. சிறுநீரகத் திசு வடுப்பட்டுச் சுருங்கியது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை பின்னர் நூறைத் தாண்டியது.

பொடிகளை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோதுதான் காரணம் புலப்பட்டது. ஸ்டெஃபானியாவில் இருந்தாக வேண்டிய டெட்ராண்ட்ரின் அவற்றில் இல்லை. அந்தத் தாவரத்தில் இருக்கவே கூடாத அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. சீனாவில் ஃபாங்ஜி என்ற பொதுப்பெயரின் கீழ் ஸ்டெஃபானியாவின் வேரும், குவாங்டாங், குவாங்ஷி பகுதிகளில் கிடைக்கும் அரிஸ்டோலோகியா ஃபாங்ச்சி என்ற முற்றிலும் வேறான கொடியின் வேரும் நெடுங்காலமாக விற்கப்பட்டு வந்தன. முன்னொட்டைச் சேர்த்து ஒன்றை ஹான் ஃபாங்ஜி என்றும் மற்றதைக் குவாங் ஃபாங்ஜி என்றும் பிரித்து அழைக்கும் வழக்கம் இருந்தாலும், ஏற்றுமதிச் சீட்டில் முன்னொட்டு உதிர்ந்துவிட்டால் மிஞ்சுவது ஒரே பெயர்தான். அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு நிற்காமல் டி.என்.ஏ.வோடு பிணைந்து புற்றுநோயையும் உண்டாக்குகிறது. இதே நோயாளிகளில், முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் ஏற்கெனவே புற்றுநோய் உருவாகியிருந்தது என 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. சீன அரசு 2003இல் குவான் மூதோங் என்ற இன்னொரு அரிஸ்டோலோகியாவை மருந்துப் பயன்பாட்டிலிருந்து நீக்கியது. 2004இல் குவாங் ஃபாங்ஜியையும் நீக்கியது. குவான் மூதோங்கும் இதே கதைதான். மூதோங் என்ற பெயருக்கு உரிய தாவரம் அகேபியா. வடகிழக்குச் சீனாவின் அரிஸ்டோலோகியா அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு சந்தையை நிரப்பியிருந்தது.

இங்கே நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ் மருத்துவத்தில் வழங்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே அரிஸ்டோலோகியா பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் அந்த அமிலம் உண்டு. பிரசல்ஸ் நிகழ்வை வேறொரு நாட்டு மருத்துவத்தின் குறையாகக் கருதிக் கடந்துபோக நமக்கு உரிமை இல்லை.

பிரசல்ஸுக்குப் போன அந்த வேர்கள் பொடியாகாமல் முழுதாக வந்திருந்தால், பழக்கப்பட்ட ஒருவர் பெட்டியைத் திறந்ததுமே ஐயம் கொண்டிருப்பார் என்பது என் உறுதியான எண்ணம். ஸ்டெஃபானியாவின் வேர் வளைந்து நெளிந்து, இடையிடையே சுருங்கி முடிச்சிட்டது போலிருக்கும். வெட்டிய பரப்பு சாம்பல் வெண்மையாக, மாவுச்சத்து நிறைந்து காணப்படும். அரிஸ்டோலோகியா பெரும்பாலும் நேரான உருளையாகவோ பிளந்த கட்டையாகவோ வரும். பொடியாக்கிய கணத்தில் இந்த வேறுபாடெல்லாம் அழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வான்ஹெர்வெகம் போன்ற ஒரு மருத்துவர் நோயாளிகளை எண்ணித்தான் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கண்ணாலும் கையாலும் மூக்காலும் அடையாளம் காணும் அந்தப் பழைய கலையை, கருவிகள் வந்தபின் தேவையற்றுப்போன ஒன்றாக இளம் ஆய்வாளர்கள் சிலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதைக் கற்றுத்தந்த முதிய சீன மருந்தாளர், புதியவர்களுக்குப் போலியை நெடுநாள் காட்டவே மாட்டார். அசலையே மீண்டும் மீண்டும் கையில் கொடுத்து, உடைத்து, முகர்ந்து, ஊறவைத்துப் பார்க்கச் சொல்வார். அசல் கைக்குப் பழகிவிட்டால் போலி தானாகவே உறுத்தும் என்பது அவர் நம்பிக்கை. நகைக்கடையில் பழகிய கை பொன்னின் கனத்தை உணர்வது போல அது கைக்கு வந்துசேரும்.

தியன்மாவை எடுத்துக்கொள்வோம். தலைவலிக்கும் தலைச்சுற்றலுக்கும் கொடுக்கப்படும் இந்தக் கிழங்கு, இலையும் பச்சையமும் இல்லாமல், ஆர்மில்லேரியா என்ற பூஞ்சையின் துணையால் மண்ணுக்கடியில் வாழும் ஓர் ஆர்க்கிட். வேகவைத்து உலர்த்திய உருளைக்கிழங்கையும், டாலியா கிழங்கையும், நம் வீட்டு முற்றங்களில் மாலையில் பூக்கும் அந்தி மந்தாரையின் வேரையும் இதன் பெயரில் விற்றிருக்கிறார்கள். அசலை அடையாளம் காணச் சீன வணிகர்கள் சொல்லும் குறிப்பு சுருக்கமானது: தலையில் கிளிமூக்கு, அடியில் தொப்புள். குளிர்காலத்தில் தோண்டிய கிழங்கின் நுனியில் செம்பழுப்பு மொட்டொன்று கிளியின் அலகுபோல் வளைந்திருக்கும். மறுமுனையில் தாய்க்கிழங்கிலிருந்து பிரிந்த வட்டமான வடு இருக்கும். போலி செய்பவர்கள் உருளைக்கிழங்கின் நுனியைக் கிள்ளி மூக்கு வைத்துவிட முடியும் என்பதால், நான் மூக்கைவிட உடலையே அதிகம் பார்ப்பேன். அசல் தியன்மாவில், உறங்கும் மொட்டுகள் புள்ளி புள்ளியாக அமைந்து பல குறுக்கு வளையங்களை உண்டாக்கியிருக்கும். உடைத்தால் உட்புறம் கொம்புபோல் கெட்டியாக, ஓரளவு ஒளி ஊடுருவுவதாக இருக்கும். அந்தப் புள்ளி வளையங்களை உருளைக்கிழங்கின் மேல் யாரும் செதுக்கி முடிக்க முடியாது.

இருமலுக்குப் பெயர்பெற்ற சுவான்பெய்மூ இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. மேற்குச் சீனாவின் மலைகளில் வளரும் ஃபிரிட்டிலேரியாவின் சிறு குமிழ்த் தண்டு இது. மிக உயர்ந்த வகையில் இரண்டு வெளிச் செதில்கள் மட்டுமே இருக்கும். பெரியது சின்னதைத் தழுவியிருக்கும். இதை மார்பில் நிலவை அணைத்த தோற்றம் என்று வருணிப்பார்கள். மலிவான பிற ஃபிரிட்டிலேரியா இனங்களைக் கலப்பது பண நட்டத்தோடு போய்விடும். ஆனால் இஃபிஜீனியா இண்டிகா என்ற தாவரத்தின் குமிழும் இதே அளவில், இதே வெண்மையில் வருகிறது. அதில் இருப்பது கால்சிசின். நம் செங்காந்தள் கிழங்கில் உள்ள அதே நஞ்சு என்றால் தமிழ் வாசகருக்கு அதன் கடுமை உடனே விளங்கும். வேறுபாடு சிறியது, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாதது: இஃபிஜீனியாவின் குமிழில் செதில்கள் இரண்டாகப் பிரிவதில்லை; ஒரே கூம்பாக இருக்கும் அதன் பக்கவாட்டில் அடியிலிருந்து நுனிவரை ஒரு பள்ளக்கோடு ஓடும். ஒரு கைப்பிடிக்குள் இரண்டு மூன்று மட்டும் கலந்திருந்தாலும் ஆபத்துதான். ஆகவே மாதிரிக்கு ஒன்றை எடுத்துப் பார்ப்பது இந்த மூலிகையில் போதவே போதாது.

எளிய செயல்களால் தெளியக்கூடிய மூலிகைகளும் உண்டு; இவற்றைச் செய்துகாட்டும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி குறைவதில்லை. துசோங் பட்டையை மெதுவாக ஒடித்தால் இரு துண்டுகளுக்கும் நடுவே வெள்ளிநிறத்தில் நெருக்கமான இழைகள் ரப்பர்போல் நீளும். போலிப் பட்டைகளிலும் இழை வரலாம். ஆனால் சற்றே இழுத்ததும் அறுந்துவிடும். சின்பி என்பது சாம்பல் மர இனமொன்றின் பட்டை. வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் பிடித்தால் நீர் நீலமாக ஒளிரும். அதன் பெயரில் விற்கப்படும் மஞ்சூரிய வால்நட் மரப்பட்டை அப்படி ஒளிர்வதில்லை. ஹாய்ஜின்ஷா எனப்படும் கொடிப் பெரணியின் வித்துத்தூளைத் தீயில் தூவினால் மெல்லிய வெடிச் சத்தத்தோடு பளிச்சென எரிந்து ஒன்றும் மிஞ்சாது. மணலோ செங்கல் தூளோ கலந்திருந்தால் அது அங்கேயே கிடக்கும். ஹுவாங்லியன் வேர்த்தண்டின் வெட்டுப்பரப்பைப் புற ஊதா விளக்கின்கீழ் வைத்தால், உள்ளிருக்கும் பெர்பெரின் காரணமாகப் பொன் மஞ்சளாக ஒளிரும்.

குங்குமப்பூவைச் சீன மருந்துக் கடையிலும் நம் சமையலறையிலும் ஒரே வகையில்தான் சோதிக்க வேண்டும். நீரில் ஒரு இழையைப் போட்டால் ஆரஞ்சு மஞ்சள் நிறம் நேர்க்கோடாகக் கீழிறங்கி மெல்ல விரிய வேண்டும். நீர் மஞ்சளாகும், அடியில் கசடு தங்காது, இழை தன் செந்நிறத்தை உடனே இழக்காது. ஊறியபின் இழையின் நுனியைப் பார்த்தால் எக்காளத்தின் வாய்போல் அகன்று, உட்புறம் ஒரு பிளவோடு இருக்கும். சாயமேற்றிய சோளநாரும் காகித நறுக்கும் நிறத்தைச் செய்யலாம், அந்த வாயைச் செய்ய முடியாது. குங்குமப்பூவின் பெயரில் வரும் செந்துருக்கப் பூவோ குழல் வடிவச் சிறுபூ. ஐந்து இதழ் நுனிகள் ஊறியதும் தெரியும்.

திபெத்தியப் பீடபூமியில் 3,000 மீட்டருக்கு மேல், மண்ணுக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுவைத் தொற்றிக் கொன்று அதன் தலையிலிருந்து முளைக்கும் கார்டிசெப்ஸ் பூஞ்சைதான் இன்று போலி செய்வோருக்குப் பெரிய வருமானம். மாவை அச்சில் வார்த்துச் செய்த புழுக்கள், ஸ்டாகிஸ் செடியின் வளையமுள்ள கிழங்குகள், வேறு பூஞ்சை தொற்றிய வேறு புழுக்கள் எனப் பலவும் சந்தைக்கு வருகின்றன. எடைக்காக உள்ளே உலோகக் கம்பி செருகுவதும், ஒடிந்த துண்டுகளைக் குச்சியால் இணைப்பதும் உண்டு. அசல் புழுவுக்கு எட்டு இணைக் கால்கள்; அவற்றுள் நடுவிலுள்ள நான்கு இணைகள் தெளிவாகத் தெரியும். சீன அரசின் மருந்துத் தர நூலான சீன பார்மகோபியா இதற்கு அடினோசின் என்ற சேர்மத்தின் அளவை வேதி அடையாளமாக வைத்திருப்பது எனக்கு நிறைவளிக்காத ஒன்று. அடினோசின் எத்தனையோ உயிர்களில் இருப்பது. அளவு சரியாக இருந்தாலும் அது இந்தப் பூஞ்சைதான் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

வேதிச் சோதனைகளைப் பற்றிய என் ஐயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு சேர்மம் இத்தனை விழுக்காடு இருக்க வேண்டும் என்று விதி எழுதியவுடன், அந்தச் சேர்மத்தை மட்டும் மலிவாகச் சேர்க்கும் வழியைத் தேடுவோர் புறப்பட்டுவிடுகிறார்கள். கிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறு இதற்குத் தெளிவான சான்று. அதில் ஃபிளேவோனால் கிளைகோசைடுகள் என்ற சேர்மங்கள் 24 விழுக்காடு இருக்க வேண்டும். ஆனால் அளக்கும் முறையில் சாற்றை அமிலத்தால் சிதைத்து, வெளிப்படும் குவெர்சிட்டின் முதலிய மூன்று பொருள்களைக் கணக்கிட்டுத்தான் அந்த எண்ணை அடைகிறார்கள். வேறொரு மரத்தின் மொட்டிலிருந்து எளிதில் கிடைக்கும் ரூட்டின் என்ற சேர்மத்தைச் சேர்த்தால், அதுவும் சிதைந்து குவெர்சிட்டினாகிவிடும். எண் நிறைவாக வந்துவிடும். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் சீன அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சில நிறுவனங்கள் எரிசாராயத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக்கொண்டு இச்சாற்றை எடுத்ததைக் கண்டறிந்து, பெருமளவு பொருள்களைத் திரும்பப் பெறச் செய்தது. ஒற்றை எண்ணை நம்புவதைவிட, சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் மென்படல நிறப்பிரிகைத் தகட்டில் ஒரு மூலிகையின் எல்லாப் பட்டைகளையும் அசல் மாதிரியோடு அருகருகே ஓடவிட்டு ஒப்பிடுவது எத்தனையோ மேல். இருக்க வேண்டியது இருக்கிறதா என்பதோடு, இருக்கக் கூடாதது இருக்கிறதா என்பதையும் அந்தத் தகடு ஒரே நேரத்தில் காட்டும். புஹுவாங் எனப்படும் சம்பங்கோரை மகரந்தத்திலும் ஹுவாங்பை பட்டையிலும் ஆரமின் ஓ என்ற தொழிற்சாலை மஞ்சள் சாயம் பூசப்பட்டிருந்ததை இப்படிப்பட்ட ஒப்பீடுகள்தான் வெளிப்படுத்துகின்றன.

நெருங்கிய உறவுடைய இரண்டு இனங்களைப் பிரிப்பதிலோ வேதியியலுக்கு இணையில்லை. ஆசிய ஜின்செங்கும் அமெரிக்க ஜின்செங்கும் துண்டுகளாக நறுக்கப்பட்டபின் அனுபவசாலியையும் தடுமாற வைக்கும். ஆசிய வேரில் ஜின்செனோசைடு ஆர்.எஃப். என்ற சேர்மம் உண்டு, அமெரிக்க வேரில் இல்லை. அமெரிக்க வேரில் சூடோஜின்செனோசைடு எஃப்.11 உண்டு, ஆசிய வேரில் இல்லை. இரண்டையும் தேடினால் விடை கிடைத்துவிடும்.

பொடிக்கு நுண்ணோக்கி என்ற பழைய கருவி இன்னும் ஈடில்லாதது. ஜின்செங் பொடியில், கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் கூர்முனையுள்ள கொத்துகளாகத் தெரியும். மஞ்சள் பிசின் நிரம்பிய குழல் துண்டுகளும் கிடைக்கும். ஜின்செங்கென்று விற்கப்படும் நச்சுத்தன்மையுள்ள ஃபைட்டோலாக்காவின் வேரிலோ அந்தப் படிகங்கள் ஊசிக் கட்டுகளாக இருக்கும். அந்த வேர் முழுதாக இருந்தால் நுண்ணோக்கிகூட வேண்டாம், குறுக்கே வெட்டினால் ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாகப் பல வளையங்கள் தெரியும். சில நிமிடங்களில், சில காசுகள் செலவில் முடிகிற வேலை இது. நன்கு பழகியவர்கள் குறைந்துவருவதுதான் கவலை.

டி.என்.ஏ. முறைகளைப் பற்றி இரு தரப்பிலும் மிகையான பேச்சு கேட்கிறது. 2010இல் சென் ஷிலின் முதலான சீன ஆய்வாளர்கள், தாவரங்களின் ஐ.டி.எஸ்.2 என்ற குறுகிய மரபுத்தொடரை அடையாளமாகக் கொள்ளலாம் என்று முன்வைத்தார்கள். 6,600க்கும் மேற்பட்ட மாதிரிகளில் 92.7 விழுக்காட்டை இன அளவில் சரியாக அடையாளம் காண முடிந்தது. அதே 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் சீன பார்மகோபியா, சுவான்பெய்மூவுக்கும், மருந்தாகும் இரண்டு பாம்பு வகைகளுக்கும் டி.என்.ஏ. துண்டைப் பன்மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையைச் சேர்த்தது. சுவான்பெய்மூவின் டி.என்.ஏ. துண்டை ஒரு குறிப்பிட்ட நொதி வெட்டும். கலப்படமாக வரும் பிற இனங்களின் துண்டை அது வெட்டாது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் குமிழ்களைப் பிரிக்க இது அருமையான வழி. ஆனால் வேதியியல் சொல்கிற பலவற்றை டி.என்.ஏ. சொல்லாது: வேரா இலையா என்று தெரியாது, சாரம் எடுக்கப்பட்டதா என்று தெரியாது, கந்தகப் புகை பட்டதா என்று தெரியாது. நெடுநேரம் கொதித்த கஷாயத்திலும் அதிலிருந்து செய்த சாற்றிலும் அந்தத் தொடர் சிதைந்துபோயிருக்கும். லி ஷிசென் சொன்ன சக்கை வேர், இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் பெற்றுவிடும்.

நம் பிரியாணியிலும் விழும் அன்னாசிப்பூவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தென்சீனத்தின் குவாங்ஷியிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் இலிசியம் வேரம் என்ற மரத்தின் காய் அது. வழக்கமாக எட்டு இதழ்போன்ற கூறுகள், மழுங்கிய நுனி, இனிய சோம்பு மணம். அதன் நச்சு உறவினங்களான ஜப்பானிய இலிசியத்திலும் சீனத்தின் மாங்சாவோவிலும் அனிசாடின் என்ற வலிப்பூட்டும் நஞ்சு உண்டு. மாங்சாவோவில் பத்துக்கு மேற்பட்ட கூறுகள், கொக்கிபோல் வளைந்த நீண்ட நுனிகள் இருக்கும். சோம்பு மணம் இராது. 2001இல் நெதர்லாந்திலும், 2003இல் அமெரிக்காவிலும் இந்தக் கலப்பால் அன்னாசிப்பூத் தேநீர் குடித்தவர்களுக்கு வலிப்பு வந்தது. அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவர்களில் வயிற்று உபாதைக்காக இத்தேநீர் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளும் இருந்தனர். ஐயமுள்ள காயை நாவில் வைத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். எண்ணிப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், அது போதும்.

வாங்குபவர்கள் செய்யக்கூடியது குறைவுதான் என்றாலும், அது வீணாவதில்லை. முழு வேராகவோ அகலமான துண்டாகவோ கிடைக்கும் மூலிகையைப் பொடியாக வாங்காதீர்கள். பொடி வேண்டுமென்றால் கண்முன்னே அரைத்துத் தரச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி வெண்மையாக, மூக்கில் புளிப்பாக ஏறும் வாடையோடு இருக்கும் தியன்மாவும் பாய்ஷாவோ எனும் வெண்பியோனி வேரும் கந்தகப் புகையில் நின்றவையாக இருக்கலாம். சீன பார்மகோபியா பெரும்பாலான மூலிகைகளுக்குக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரையும், தியன்மா உள்ளிட்ட சிலவற்றுக்கு 400 மில்லிகிராம் வரையும் மட்டுமே கந்தக டை ஆக்சைடை ஏற்கிறது. சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும் சுவான்பெய்மூவைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் எழுதித்தந்த மூலிகைக்கு லத்தீன் பெயரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபாங்ஜி என்ற பெயர் என்ன செய்தது என்று மேலே பார்த்தோம். உண்ணத் தொடங்கிய பொட்டலத்திலிருந்து ஒரு பிடியைத் தனியே எடுத்து வையுங்கள். உடலுக்கு ஏதேனும் நேர்ந்தால், மருத்துவமனைக்கு அந்தப் பிடி மூலிகை எந்த நினைவுக் குறிப்பையும்விடப் பயன்படும்.

இப்போது மருந்துக் கடைகளில் கஷாயம் வைக்கும் வேலை இல்லாத குருணை மருந்துகள் பெருகிவிட்டன. தொழிற்சாலையில் கொதிக்கவைத்து வற்றவைத்து உலர்த்திய சாறு அது. வெந்நீரில் கரைத்துக் குடித்துவிடலாம். வேலைக்குப் போகும் நோயாளிக்கு அது உண்மையான வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குருணையில் பார்க்க உருவம் இல்லை, நுண்ணோக்கிக்குச் செல் இல்லை, பி.சி.ஆருக்கு நம்பத்தக்க டி.என்.ஏ. இல்லை, மிஞ்சுவது வேதியியல் ஒன்றே, அதன் எல்லையைக் கிங்கோ காட்டிவிட்டது. ஆகவே குருணை விற்கும் நிறுவனங்களிடம் நான் கேட்பது இறுதிப் பொருளின் சோதனைச் சான்றிதழை அன்று. கொப்பரைக்குள் போகும் முன், முழு மூலிகையாக இருந்தபோது, அதை அடையாளம் கண்டவர் யார், எந்த அசல் மாதிரியோடு ஒப்பிட்டார், அந்தத் தொகுதியிலிருந்து எடுத்துவைத்த மாதிரி இப்போது எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்கிறேன். சில நிறுவனங்கள் அந்த மாதிரியை அன்றே எடுத்துக் காட்டுகின்றன. அவற்றின் பொருளை மட்டுமே என் வீட்டாருக்கு வாங்க ஒப்புகிறேன்.